கூரை தொடாத சுவர்

எனக்குத் தொண்டை பெரிது. பிறவியிலேயே அப்படி. மூணாறுக்கு மேலே தேயிலைக் காட்டில் நின்று நான் யாரையாவது கூப்பிட்டால், பள்ளத்தில் கொழுந்து எடுக்கிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தத் தொண்டையோடுதான் ஜெபமும் பண்ணினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு எஸ்டேட் லயத்தில் குடியிருந்தோம். விடியற்காலையில், வேலைக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பு, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முழங்காலில் நிற்பேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபையில் வாய்விட்டு ஜெபித்துத்தான் பழக்கம். வாய்க்குள்ளேயே முனகுவதெல்லாம் எனக்கு ஜெபமாகவே படாது.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்தும் அடுப்பில் வேலை. பேச்சுக் குறைவு, கிண்டல் அதிகம். "ஏட்டி, ஆண்டவரு எப்பத்தான் பேசுவாரு? நீ மூச்சு விட்டாத்தான!" என்பார். "நீங்க உங்க ஃபேக்டரி அடுப்பப் பாருங்க, என் ஆண்டவர நான் பாத்துக்கிடுதேன்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்கடியில் வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும், கூரையைத் தொடாது. ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குப் போகும். கருவாட்டு வாசமும் போகும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மதுரைப் பக்கத்து இளம் ஜோடி. அவனுக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். அவளும் என்னைப்போல் கொழுந்து எடுப்பவள்தான், ஆனால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பாள். கேட்டதற்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் மாரியம்மன் படம் இருந்தது. என் ஜெபமும் அவள் அம்மனுமாக எங்கள் காலைகள் விடிந்தன.

அந்த வருஷ மழையில் என் பிள்ளைக்குக் கக்குவான் வந்தது. இருமி இருமி முகம் நீலமாகிவிடும். "ஆண்டவரே, எனக்கு ஒரு வழியும் தெரியலயே" என்று கூரை அதிரக் கதறினேன். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வாசலில் ஒரு கொத்து ஓமவல்லி இலையும் துண்டுச் சுக்கும் இருந்தன. வைத்தது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. கஷாயம் போட்டுக் கொடுத்தேன், பிள்ளைக்கு மெல்ல மெல்லத் தேறியது. பிறகு ஒரு நாள், விறகெல்லாம் நனைந்து போச்சே என்று ஜெபத்தில் புலம்பினேன். வாசலில் பிளந்த விறகு, நன்றாகக் காய்ந்த விறகு!

எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லலாம். நான் விடுவேனா? "தேவதூதனே வந்து வாசல்ல வச்சிட்டுப் போயிருக்கான்" என்று எழுந்து முழங்கினேன். திரும்பும் வழியில் இவர் மெதுவாகக் கேட்டார்: "தேவதூதனுக்கு வெறகு பொளக்கவும் தெரியுமோ?" எனக்கு வந்ததே கோபம்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

அப்புறம் என் தொண்டை போய்விட்டது. மழையில் நனைந்து நனைந்து ஒரு நாள் காற்றுத்தான் வந்தது. வாயே திறக்கக்கூடாது என்றார் கம்பவுண்டர். மலையே நிம்மதியாக இருக்கிறது என்று என்னோடு கொழுந்து எடுக்கிறவர்கள் சிரித்தார்கள். மறுநாள் விடியலில் வழக்கம்போல் முழங்காலில் நின்றேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை. சும்மா நின்றேன். மழையும் விட்டிருந்தது. அப்போது சுவருக்கு மேலாக ஒரு சின்னக் குரல் வந்தது.

"தாயி, அக்கா சத்தத்தையே காணோமே. அவங்களுக்கு என்ன வேணும்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

அடக் கடவுளே! என் தேவதூதன் இவளா? எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. அதற்குள் அந்தக் குரல் இன்னும் தணிந்தது.

"ரெண்டு தடவ கலஞ்சிருச்சு. இதையாவது தங்க வையி தாயி. நேத்தும் ரத்தம் பட்டிருக்கு. வெளிய சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்க. இப்பத்தான எஸ்டேட்டுல பேரே பதிஞ்சாங்க."

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அதே சரிவில் என் கண் முன்னாலேதான் கொழுந்து மூட்டையைத் தலையில் தூக்கி நடந்தாள். தினமும் விடியலில் இதே சுவருக்கு அந்தப் பக்கம் இதைச் சொல்லி அழுதிருப்பாள். என் சத்தத்தில் எனக்கு எதுதான் கேட்டது? ஆமென் சொல்லாமலே எழுந்து ஓடினேன்.

அவள் ஊதுகுழலும் கையுமாகக் கதவைத் திறந்தாள். எனக்குத்தான் குரல் இல்லையே. அவள் வயிற்றில் கையை வைத்தேன். அவள் முகம் வெளிறிப்போனது. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள். நான் சுவருக்கு மேலே கையைக் காட்டினேன். ஒரே நேரத்தில் சிரிக்கவும் அழவும் செய்தாள். அவள் கையைப் பிடித்து, விடாமல் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மலையாள நர்ஸம்மா பரிசோதித்துவிட்டு, "கெடக்கணும் மோளே, அனங்கான் பாடில்ல" என்றார். அசையாமல் படுத்தே இருந்தால் பிள்ளை தங்கும் என்றார்.

நர்ஸ் கொடுத்த சீட்டோடு சூப்பர்வைசரிடம் நானே போனேன். "அவ பேர வெட்டிராதீங்க. அவ நிரைக் கொழுந்தையும் சேத்து நானே எடுக்கேன்" என்று காற்றுக் குரலில் சொன்னேன். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார். "சீட்டு இருந்தா பேரு எங்கயும் போவாது. நீ மொதல்ல உன் நிரைய ஒழுங்கா எடு" என்றார். அந்த மனுஷனுக்குக் கோடி புண்ணியம்.

தொண்டை சரியான பிறகும் நான் வாய் திறக்காமலே காலையில் நின்றேன். கேட்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. ஒரு வாரம் பொறுத்தாள், பிறகு படுத்த இடத்திலிருந்தே சுவருக்கு மேலாகக் கேட்டாள்: "அக்கா, குரல் வந்திருச்சுல்ல? என் பேரச் சொல்லி வேண்டுங்கக்கா. எனக்குக் கேக்கணும்."

அன்றிலிருந்து முதலில் பேசாமல் நிற்பேன். அவள் அம்மனிடம் சொல்லி முடித்ததும், அவள் பேரைச் சொல்லி, தகரம் அதிர ஜெபிப்பேன்.

பனி இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தேன். "போன மழைக்கு எங்க வாசல்ல வெறகு வச்ச தேவதூதனுக்கு, நேத்து பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தாயும் புள்ளையும் சொகம்" என்றேன்.

கோவிலே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஆமென் கேட்டது. பேச்சுக் குறைந்த என் வீட்டுக்காரர்தான்.