வாக்கெடுப்பு மணி

துரத்திப் பிடிக்க வேண்டிய ஆள் உங்கள் முதலாளியாகவே இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஒன்ராறியோ சட்டமன்றத்தில் எங்கள் தொகுதி உறுப்பினரிடம் வேலை செய்கிறேன். அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். அரசியல் விஞ்ஞானம் படித்த என் பெரிய மூளைக்குக் கிடைத்த பொறுப்பு, வாக்கெடுப்பு மணி அடித்தால் அவரை இழுத்துவருவது. மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு கடவுளே வந்தாலும் வாக்கில்லை.

ஒருநாள் வாக்கெடுப்புக்கு வந்தது, வாடகைக்காரரைக் கிளப்பிவிட்டுக் கட்டடத்தை இடிப்பதைத் தடுக்கிற மசோதா. டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கதவிலும் காலிபண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மணி அடிக்கத் தொடங்க அன்ரியைத் தேடி ஓடினேன். அன்ரியோ கீழே படிக்கட்டில், மல்வேர்னிலிருந்து சட்டமன்றம் பார்க்க வந்த எங்கள் தமிழ் ஆட்களோடு போட்டோவுக்கு நின்றார்.

"அன்ரி, மணி அடிக்குது, வாங்கோ!"

"பொறு தம்பி, இவை கோவிப்பினம்."

"எல்லாக் குடும்பத்தோடயும் எடுத்தாச்சு, எங்களோட மட்டும் எடுக்கேல்லை," என்றார் ஒரு அங்கிள். "உன்ர மணி எங்கை ஓடப்போகுது?"

"ஓடாது அங்கிள், நிண்டிடும்! அதுதான் பயம்!"

அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினேன். அவர் உள்ளே நுழையவும் கதவு சாத்தவும் சரியாக இருந்தது. நான் வெளியே நின்று முடிவுக்குக் காத்திருந்தேன். மசோதா அன்றைக்கு இரண்டாம் வாசிப்பில் தப்பியது, ஆனால் இன்னும் சட்டமாகவில்லை.

இப்போது அது மசோதாவை ஆராயும் ஒரு குழுவில் கிடப்பில் கிடக்கிறது. எங்கள் மாடியில் பாதி வீடுகள் காலி.