நிமிராத முழங்கை

என் வலது கை முழுதாக நிமிராது. குளிரில் மட்டுமல்ல, ஆடி வெயிலிலும் அதை மடித்தபடியேதான் பால் வாங்குகிறேன். மொன்றியல் வில்லரேயில் எங்கள் தெருமுனை டெபனர் கடைக்குப் புதிதாக வந்த பெண், போன கிழமை காயமா என்று கேட்டாள். பேஸ்போல் எறிந்து வந்தது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிரிக்கெற் தானே, மெஸ்யூ?" என்று திருத்தினாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். விளங்கப்படுத்த அலுப்பாக, பஞ்சியாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் நான் வேகப்பந்து வீச்சாளன். எங்கள் கிரிக்கெற்றில் முழங்கை மடிந்து தெரிந்தாலே அது வீச்சு அல்ல, எறி. அம்பயர் நோபோல் சொல்லிவிடுவார். எனக்கு லேசாக மடியும். அதனால் பயிற்சியாளர் என் கையில் கோடு கீறும் அடிமட்டம் ஒன்றை வைத்து, லேஞ்சித் துணியால் கட்டி, ஓடி வந்து போடவிடுவார். பத்தொன்பது வயதில் அகதியாக மொன்றியலுக்கு வந்தேன். பூங்காவில் உருண்டு வந்த பந்தை நான் திருப்பி எறிந்ததைக் கண்ட ஒருவர், தன் பேஸ்போல் அணிக்குக் கூட்டிப்போனார். இங்கே மடக்கு, இன்னும் மடக்கு என்றார்கள். ஊரில் குற்றமாயிருந்தது இங்கே உத்தியோகமாயிற்று. ஒரு சின்னத் தொழில்முறை லீக்கில் ஏழு கோடை எறிந்தேன். பிறகு முழங்கையில் சத்திரசிகிச்சை. அன்றிலிருந்து லாசாலில், யன்னல் இல்லாத மண்டபத்தில், வலைக்கூண்டுக்குள் நின்று பேஸ்போல் எறியப் பயிற்சி கொடுக்கிறேன். வேறு தொழில் தெரியாது. வெளியே போக வழியில்லாததுபோல் இருக்கும் நாட்கள் உண்டு.

நேற்று இங்குள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர்களின் கிரிக்கெற் ஆட்டம். எங்கள் பள்ளிக்கூடத்துக்காக இன்னும் ஒரேயொரு ஓவர் போட வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை. அணித்தலைவன் ரவி, என் வகுப்புத் தோழன், பந்தைத் தந்தான். மூன்று பந்து போட்டேன், மூன்றும் நோபோல். அம்பயராக நின்ற இளைஞன் மரியாதையாகத்தான் சொன்னான்:

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எறியிறியள்."

"வேணுமெண்டு இல்லைத் தம்பி. கை நிமிருதில்லை."

ரவி பந்தை வாங்கிக்கொண்டான். "நீ சிலிப்பிலை நில் மச்சான்" என்றான். விக்கெற் காப்பாளனுக்குப் பக்கத்தில், சிலிப்பில் போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் அடிமட்டத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"என்னப்பா இது?"

"கையிலை கட்டிவிடு. இறுக்கி."

அவள் லேஞ்சியால் கட்டினாள். மேலும் கீழும் அடிமட்டம் கையைத் தொட்டது. முழங்கை மடிப்பில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி. எவ்வளவு இறுக்கியும் அது குறையவில்லை. விடிந்தால் லாசாலில் பத்துப் பேரிடம் முழங்கையை மடக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"அவிழ்க்கட்டே?" என்றாள்.

கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.