பெண்கள் பள்ளி இருக்கிற ஊர்

காலை ஆறு மணிக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். "பட்டு எடுக்கவா?" என்று கேட்டார் கண்டக்டர். பள்ளிக்கூடம் பார்க்க என்றேன். "அதையெல்லாமா பஸ் ஏறிப் போய்ப் பாப்பாங்க?" என்று சிரித்துவிட்டு முன்னால் போனார்.

நான் பார்ப்பவள்தான். நாடு முழுக்கப் பெண்களுக்கென்றே இருக்கும் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து ஒரு பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஜெய்ப்பூரும் போபாலும் முடிந்திருந்தன. சொந்த மாநிலத்தில் நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்ற ஆசையோடு வந்தேன். ஆசைக்கென்ன குறைச்சல்!

ஒன்பதரை மணி. ரிக்‌ஷா பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்குள் புகுந்து வெளியே வந்து ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஜூன் மாதம், பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியை அறையில் எனக்கு முன்னால் ஒரு தகப்பனும் மகளும் நின்றிருந்தார்கள். அவர் தேவராஜ், தாமல் கிராமத்துக் கொத்தனார். மகள் எஸ்தர், பத்தாம் வகுப்பில் கணக்கில் இந்தப் பள்ளிக்கே முதல். முதல் குரூப் எடுத்து, கட்டடத்துக்கு பிளான் போடும் இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"இந்த வருஷம் ஃபர்ஸ்ட் குரூப் இல்லம்மா. கணக்கு டீச்சர் மாறுதல்ல போய்ட்டாங்க. பிசிக்ஸுக்கு ஆள் போடவே இல்ல. காமர்ஸ் எடுத்துக்கோ, பொண்ணுங்களுக்கு நல்லது" என்றார் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். எனக்கு அவரே ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டினார். உள்ளே உடைந்த பெஞ்சுகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள்.

வெளியே டீக்கடையில் தேவராஜைப் பிடித்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, வேற பள்ளிக்கூடம் பாத்தியளா?"

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிக்கினு இருக்கேன்?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "எங்கமா பாக்கறது? சுத்துப்பட்டு ஊர்ல பத்தாவதோட நின்னுடுது. பணம் கட்டிப் படிக்கிற ஸ்கூல் நமக்கு ஆவுமா? ரெண்டு தெரு தள்ளி பாய்ஸ் ஸ்கூல் இருக்குது. அங்க ஃபர்ஸ்ட் குரூப் இருக்குது. ஆனா ஆம்பளப் பசங்க நடுவுல எம்பொண்ண ஒக்கார வெப்பேனா? ஊரு சிரிக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்கிற ஊரா உங்க மகளுக்குச் சோறு போடப் போவுது?" என்று கேட்டேன். எஸ்தர்தான் பேசினாள்.

"நீ சாரத்துல நிக்கும்போது கீழ நின்னு பிளான் காட்டுவாரே ஒரு சாரு, அந்த வேலைக்கு இந்தப் படிப்புதாம்பா வேணும்."

அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வா, போலாம். பாய்ஸ் ஸ்கூலாவே இருக்கட்டும். நாளைக்கு நான் கட்டுன செவுத்த நீ வந்து செக் பண்ணு." நானும் கூடவே கிளம்பினேன்.

பகல் பன்னிரண்டு மணி. ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அருமையான மார்க்! எந்த ஸ்கூல் பாப்பா?" இதே ஊர்ப் பெண்கள் பள்ளி என்று எஸ்தர் சொன்னதும் பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பொண்ணுங்க ஸ்கூல் இல்லாத ஊரா இருந்தா, பாய்ஸ் ஸ்கூல்லயே சேத்துக்கலாம். உங்களுக்குத்தான் தனியா ஒண்ணு இருக்குதேம்மா. சேத்தா மேல இருந்து என்னைக் கேப்பாங்க."

"அங்க வாத்தியாரே இல்லயே சார்!" என்றேன்.

"ஸ்கூல் இருக்குது இல்ல?" என்றார்.

"சார், உங்க லேபுக்குப் பூச்சு வேல நான்தான் செஞ்சேன்" என்றார் தேவராஜ். அதைச் சொல்லி என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை, பாவம். கும்பிட்ட கையோடு நின்றார். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அந்த மனிதர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார், தண்ணீர் கொடுத்தார், இடம் மட்டும் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு எஸ்தரைப் பெண்கள் பள்ளியில் காமர்ஸில் சேர்த்தார்கள். நான் அதிகாரிகளுக்கு எழுதுவதாகச் சொன்னேன். எழுதி டீச்சர் வருவதற்குள் அவள் பிளஸ் டூவே முடித்திருப்பாள் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

என்னை ஏற்றிவிட இருவரும் பஸ் நிலையம் வரை வந்தார்கள். என் ஊர் பாளையங்கோட்டை. அங்கே பெண்கள் பள்ளியில்தான் நானும் முதல் குரூப் படித்தேன். கணக்குக்கு டீச்சர் இருந்தார், ஆய்வுக்கூடத்தில் நிற்க இடம் இருந்தது. பெண்களுக்கென்று பள்ளி இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று இத்தனை ஊர்களில் நான் எழுதித் தள்ளியதற்கு அந்தத் தைரியம்தான் காரணம். இனி எந்தக் கையால் எழுதுவது?

ஜன்னலோரம் தேவராஜ் வந்து நின்றார். "நீங்க பாத்தீங்க இல்லமா, நான் சரின்னேன். நாளைக்கு, ஏம்பா என்ன இன்ஜினியருக்குப் படிக்க வெக்கலன்னு இவ கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"நான் கேக்க மாட்டேம்பா" என்றாள் எஸ்தர்.

கேளுடி, ஆயுசு பூராவும் எல்லாரையும் கேளு என்று கத்த வேண்டும் போலிருந்தது. பஸ் புறப்பட்டுவிட்டது.