ஏழாவது பொம்மை

இரண்டு கைகளையும் அகல விரித்தபடி நிற்கிறார் ஸ்டெய்ன்வோர். அறுபத்தேழு வயது. காலை ஆறு மணியிலிருந்து அசையவில்லை. மூக்கு நுனியில் நீர் சொட்டுகிறது, துடைக்கவில்லை. இருபுறமும் பழைய கோட்டும் தொப்பியும் மாட்டிய ஆறு வைக்கோல் பொம்மைகள். இவரை ஏழாவது என்று அந்தக் கடற்காகம் நம்ப வேண்டும்.

இந்த ஐஸ்லாந்துத் தீவில் ஈடர் வாத்துகள் தம் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போடும். குஞ்சுகள் கடலில் இறங்கிய பிறகு அந்தத் தூவியை எடுத்து விற்பதுதான் இவர் பிழைப்பு. கூட்டிலிருந்து தண்ணீருக்கு நாற்பதடி. அந்த நாற்பதடியில்தான் கடற்காகத்தின் விருந்து. முன்பெல்லாம் பொம்மைகளைக் கண்டால் மிரளும். இந்த வருடம், கால்விரல் ஒன்று போன கிழட்டுக் காகம் பொம்மையின் தலையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டது. இதுவரை பதினொரு குஞ்சுகள் போயாயிற்று. இப்படியே போனால் அடுத்த வருடம் வாத்துகள் வேறு தீவைப் பார்த்துக்கொள்ளும்.

நேற்று தம்பி ஔஸ்கெல் துப்பாக்கியோடு வந்தான்.

"வெடிச்சா மொதல்ல ஓடுறது என் வாத்துங்கதான்டா. அப்புறம் முட்டை மேல நீ உக்காருவியா?"

"சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிக்கறியேக்கா, ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும். காக்கா சிரிக்கக்கூடாது."

தினம் ஒரு பொம்மையோடு கோட்டை மாற்றிக்கொள்வார், நிற்கும் இடத்தையும்தான். "அது ஆளை அடையாளம் வச்சிருக்கு" என்பார்.

இன்று ஒரு தாய் வாத்து ஐந்து குஞ்சுகளோடு புறப்பட்டது. காகம் இறங்கி ஒவ்வொரு பொம்மையாகத் தாவி, கடைசியில் ஸ்டெய்ன்வோரின் வலக்கையில் வந்து அமர்ந்தது. கோட்டைத் துளைத்து நகம் இறங்கியது. அவர் மூச்சு விடவில்லை. அதன் மஞ்சள் கண் குஞ்சுகள் பக்கம் திரும்பியதும் இடக்கையால் அதன் காலை இறுகப் பிடித்தார்.

"என்னடா, பசியா?"

பதினொரு குஞ்சுகளுக்கான கோபமும் அந்த ஒரு கத்தலில் இருந்தது. காகம் அலறி, இறக்கையால் அவர் முகத்தில் அறைந்து, பிடியை உதறிக்கொண்டு பறந்தது. எதிர்ப்பாறையில் போய் உட்கார்ந்து ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஐந்து குஞ்சுகளும் தண்ணீரில் இறங்கின.

"அக்கா, கையில ரத்தம்! போதும் வா, காபி ஆறுது!" படகிலிருந்து ஔஸ்கெல் கத்தினான்.

புல்லுக்குள் இன்னொரு வாத்து எழுந்து நின்றது. ஸ்டெய்ன்வோர் தொப்பியைச் சரிசெய்தார். ரத்தம் சொட்டும் கையை முதலில், மற்றதைப் பிறகு, மறுபடி அகல விரித்தார்.