நைனாவின் உப்புச் சிமிழ்

நைனாவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த அன்று, திருப்பதி டாக்டர் சொன்னதைக் கைபேசியில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன்கூட வராது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அதற்குள்தான்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனை வேலை எனக்கு. எடை போட்டே பழகிய கை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் நைனாவின் அன்றைய உப்பைத் தராசில் நிறுத்து, பழைய குங்குமச் சிமிழில் போட்டு அம்மாவிடம் கொடுப்பேன். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது.

"இன்னாம்மா, நோம்பு சோறா இது?"

"கிராம் கணக்கா போட்டிருக்குது நைனா. துன்னு."

"கிராமு இருக்குதும்மா. உப்பு எங்க?"

எங்கள் ஊர் நகரியில் விசைத்தறிக் கொட்டகைச் சத்தத்துக்குள் பேச்சு எடுபடாது, கையால்தான் பேசுவார்கள். அம்மாவும் நைனாவும் ஒரே கொட்டகையில் வேலை செய்தவர்கள். கட்டைவிரலை இரண்டு விரல்களில் தேய்த்தால் உப்பு. சாப்பிடும்போது நைனா அம்மாவைப் பார்த்துத் தேய்ப்பார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்பேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

எட்டு மாதத்தில் அழுத்தம் இறங்கியது. அழுத்தத்தைக் குறித்துவைக்க நான் போட்ட அட்டவணையில் எல்லாக் கட்டமும் பச்சை. அதற்குப் பிறகும் ஒரு காலையில் பக்கவாதம் வந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் மதியம், ஸ்பூனால் கஞ்சி கொடுக்கலாம் என்றார் நர்ஸ். நைனாவுக்குப் பேச்சு போயிருந்தது. இரண்டு வாய் விழுங்கியதும் இடது கையைத் தூக்கினார். கட்டைவிரல் மெதுவாக இரண்டு விரல்களில் உரசியது. இந்த முறை அம்மாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

பழக்க தோஷத்தில் அன்று காலையும் உப்பை நிறுத்து எடுத்து வந்திருந்தேன். சிமிழ் என் பையில் இருந்தது.

"ஒரு சிட்டிகை போடேன்டி," என்றாள் அம்மா.

"கொஞ்சம் தேறட்டும். வீட்டுக்குப் போய் போட்டுத் தரேன் நைனா," என்றேன்.

கை போர்வைமேல் இறங்கியது. மறுநாள் காலை நைனா இறந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சிட்டிகை உப்பைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரை கிராம்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சிமிழ் அப்படியே நிறைந்திருக்கிறது.