முதலில் துடித்த கோடு

அவளுக்கு ‘மண்டை’ என்று பெயர் வைத்தது அண்ணன்தான். சோற்றுத் தட்டின் முன்னாலும் மூளை, பஸ்ஸிலும் மூளை. வேறு பேச்சே கிடையாது என்றால் வேறென்ன பெயர் வைப்பான்? ஆனால் அந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணமே அவன்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. தையல் கடையில் துணியைத் தள்ளிக்கொண்டே இருப்பான். திடீரென்று கை நின்றுவிடும், கண் எங்கோ நிலைகுத்தும், வாய் எதையோ மெல்லும். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் விட்டபாடில்லை.

பட்டப்படிப்பு முடித்த கையோடு நுழைவுத் தேர்வு எழுதியதில் அவளுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலேயே ஒரு டாக்டர், இனிமேல் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. இந்தப் பெண்ணோ வாயைத் திறக்காமல் மூளை ஆராய்ச்சிப் படிப்புக்கும் எழுதிப்போட்டு, அங்கேயும் இடம் வாங்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெற்றவளின் முகத்தைப் பார்த்தால் எங்கே சொல்ல வரும்?

வியாழக்கிழமை அண்ணனை மூளையின் அலைகளைக் கோடுகளாகக் காட்டும் ஈஈஜி எடுக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். கல்லூரி நாளில் அவள் அங்கே வேலை பழகியவள் என்பதால், மெஷின் பார்க்கும் அக்கா அவளை உள்ளே உட்கார விட்டார். அங்கே ஒரு முறை உண்டு: ஒருவர் திரையைப் பார்த்தால் இன்னொருவர் ஆளைப் பார்க்க வேண்டும். அக்கா திரையைப் பார்த்தார். இவள் வேலை அண்ணனைப் பார்ப்பது.

பார்த்தாளா? இல்லை. திரையில் இடப்பக்கத்துக் கோடு ஒன்று மட்டும் லேசாகத் துடித்தது. பிறகு அதற்குப் பக்கத்துக் கோடு. பிறகு எல்லாமே கொந்தளித்தன. “அக்கா, இங்கதான் ஆரம்பிக்குது” என்று கத்தியேவிட்டாள், புதையல் கண்டவள் போல. அக்கா அவளைத் தள்ளிக்கொண்டு ஓடி அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அதற்குள் அவன் கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தான்.

வெளியே பெஞ்சில் அவள் விம்மி விம்மி அழுதாள். அவன் தெளிந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள், இரண்டு இடம் கிடைத்த கதையையும் சேர்த்து.

“ஒனக்கு வந்தது எனக்குத் தெரியவே இல்லண்ணா. நான் அந்தக் கோட்டையே பாத்துட்டு இருந்தேன். நானெல்லாம் டாக்டராகி என்ன கிழிக்கப் போறேன்?”

“கோட்டுல என்ன இருந்துச்சு?” என்று கேட்டான். அழுகையை மறந்து கைவீசிச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“நீ அதையே படிச்சா எனக்கு உதவுமா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. “ரொம்ப வருஷம் ஆகும். ஒனக்கு உதவாதுன்னுதான் நெனைக்கறேன்.”

அவன் தலையாட்டினான். எழுந்து வீட்டுக்குக் கிளம்பினான்.

வாசலிலேயே அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவள் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அவ டாக்டருக்குப் படிக்கப் போகலம்மா. நான்தான் போக வேணாம்னு சொல்லிட்டேன். வீட்டுலயும் ஒரு டாக்டர் என்னைத் துருவிட்டு இருந்தா எனக்கு ஒத்துவராது.”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்த சுயநலக்காரன் என்று தொடங்கி, சொல்லக்கூடாததெல்லாம் சொன்னாள். அவன் அப்படிச் சொல்லவே இல்லை என்று இவள் குறுக்கே பேசப் போனபோது அவன் ஒரு பார்வை பார்த்தான், அடங்கிவிட்டாள். அத்தனை திட்டையும் அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.