காம்பைப் பிடித்த கை

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. 1912இல், நம்மவர்கள் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன தீவில், சேன் பியேர் என்ற ஊரில் திருவேங்கடத்துக்கு நடந்தது இதுதான். நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

அவருக்குக் கொஞ்சம் கரும்பு, ஒரு பழைய காமிரா, பூக்களைப் படம் பிடிக்கும் பைத்தியம். கறுப்பு வெள்ளையில் பூவா என்று ஊரே சிரித்தது. அவர் அசரவில்லை. ஆனால் அந்தக் காமிராவில் படம் விழ, பத்து எண்ணும்வரை பூ ஆடக்கூடாது. கரும்புக்காட்டுக் காற்றோ சும்மா இருக்காது. அதனால் மனைவி சிவகாமி குனிந்து, படத்தில் விழாதபடி காம்பின் அடியைப் பிடித்துக்கொள்வாள். "புடிச்சிக்க" என்பார். எடுத்து முடித்ததும் "போதும், விடு" என்பார். அவர் சொல்லாமல் அவள் விடவே மாட்டாள்.

ஒரு மதியம் செம்பருத்தியைப் படம் எடுத்தவர், படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவும் அவசரத்தில் "விடு" சொல்ல மறந்து இருட்டறைக்குள் போய்விட்டார். வெளியே வந்தபோது சிவகாமி செடியடியில் கிடந்தாள். மூச்சில்லை.

ஒன்பது வயது மகள் பார்வதிதான் மிச்சம். அவளுக்காகத்தான் அவர் சாப்பிட்டார், எழுந்து நடமாடினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். மணி 2.10. மனம் கேட்காமல் காமிராவைத் தூக்கினார். அதே செடி. பூவுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார். பலத்த காற்று. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"புடிச்சிக்க."

மற்ற பூக்கள் எல்லாம் ஆடின. அந்தப் பூ மட்டும்... நின்றுவிட்டது.

காமிராவின் மூடியைத் திறந்தார். ஒன்று... இரண்டு...

"பப்பா, யாருகிட்ட பேசுற? நான் புடிக்கிறேன்."

தடுப்பதற்குள் பார்வதி ஓடிவந்து காம்பைப் பிடித்தாள்.

"பப்பா... ஜில்லுன்னு இருக்கு."

மூடியை அடைத்துவிட்டு, அவளை வாரித் தூக்கி வீட்டுக்குள் விட்டார்.

மணி 2.40. இருட்டறை. சிவப்பு விளக்கு.

சொட்... சொட்...

தகட்டில் எல்லாம் தலைகீழ். வேட்டி கறுத்தது. பூ வெளுத்தது. காம்பில் மகளின் சின்ன விரல்கள்.

அவள் மணிக்கட்டில்...

இன்னொரு கை.

வெளியே ஓடினார். "சிவகாமி! போதும்! விடு!"

காற்றுதான் அடித்தது.

அன்று மாலையே பார்வதிக்குக் காய்ச்சல். வலது கை இறுக மூடிக்கொண்டது. மூன்றாம் நாள், 2.10க்கு, அவளும் போய்விட்டாள்.

குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, அடக்கம் முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"புள்ள கை விரியவே இல்ல, அண்ணே. அண்ணிக்கும் இதேதான். ரெண்டு பேர் கைக்குள்ளயும் செம்பருத்திக் காம்பு இருந்துச்சு. உங்ககிட்ட சொல்ல மனசு வரல. அப்படியே புதைச்சிட்டோம்."

திருவேங்கடம் சாகும்வரை தினமும் 2.10க்கு அந்தச் செடியடியில் நின்று "போதும், விடு" என்று சொல்லிப் பார்த்தார். எவ்வளவு காற்றடித்தாலும் அதில் இரண்டு பூக்கள் மட்டும் ஆடியதே இல்லை.